ஊதாச் சுவரும் விளக்கொளியும்

பைஸாந்தியச் சக்கரவர்த்திகளின் தலைநகரமாகிய கான்ஸ்டான்டினோபிளில், அரண்மனையின் ஒரு பகுதியில், மகாராணிமார் பிரசவிப்பதற்கென்றே ஓர் அறை ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த அறை தரையிலிருந்து கூரை தொடங்குமிடம் வரை சதுரமாகவும் அதற்கு மேல் பிரமிடு போல் கூம்பியும் இருந்ததென்றும், கல்லாலான காளைகளும் சிங்கங்களும் நிற்கும் துறைமுகத்தையும் கடலையும் நோக்கியிருந்ததென்றும், அதன் சுவர்களில் பதித்த கல் முழுவதும் ஊதா நிறமாய், மணலைத் தெளித்தாற்போல் வெண்புள்ளிகள் விரவியதாய்த் திகழ்ந்ததென்றும், 1083-இல் அந்த அறையிலேயே பிறந்த இளவரசி அன்னா கொம்னீனா தம் தந்தையாரின் சரித்திரத்தை எழுதுகையில் குறித்து வைத்திருக்கிறார். அங்கே பிறந்த குழந்தைக்கு 'ஊதாவில் பிறந்தவர்' என்பது விருதுப் பெயர்; பட்டத்துக்குப் போட்டி வந்த காலங்களில் அந்தப் பெயருக்கு ஒரு சேனைக்கு ஈடான மதிப்பிருந்தது. அந்தக் கல்லோ எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் ஒரே ஒரு மலைப் பிரதேசத்தில் மட்டும் கிடைப்பது. ரோமானியர் அதை வெட்டியெடுத்து, நீரற்ற பாதையில் நைல் நதி வரை இழுத்து, அங்கிருந்து படகேற்றிக் கொண்டுபோனார்கள். அதன் நிறத்துக்குக் காரணம் இரும்பும் மாங்கனீசும் கலந்த சில தாதுக்கள்தாம் என்று தெரிந்துகொள்ளும்போது, அத்தனை பாடும் எதற்காக என்று நமக்குச் சற்று வியப்பாகவே இருக்கிறது.

ஒரு காலத்தில் சக்கரவர்த்திக்கு மட்டுமே வாய்த்த இந்த ஆழ்ந்த ஊதாச் சுவர், இன்று வர்ணக் கடையில் கலவை யந்திரத்தின் பொத்தானை அழுத்தினால் நாலு லிட்டர் வாளியில் நம் கைக்கு வந்துவிடுகிறது. வெள்ளையும் சந்தனமும் அலுத்துப்போனவர்கள், நாவற்பழத் தோலின் கறுப்பும் சிவப்பும் நீலமும் ஒன்றிக் கலந்தாற்போன்ற இந்த நிறத்தை, படுக்கையறைக்கும் நூலறைக்கும் விரும்பி வாங்குகிறார்கள். அமெரிக்காவின் பெஞ்சமின் மூர் என்ற வர்ணக் கம்பெனி 2017-ஆம் ஆண்டுக்கு உரிய நிறமாகத் தேர்ந்தெடுத்து அறிவித்ததும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஊதாவைத்தான். அதற்கு 'ஷாடோ', அதாவது நிழல், என்று பெயரிட்டிருந்தார்கள். பெயர் பொருத்தமானதே. ஆனால், வாங்கிப் பூசியவர்களில் அநேகர், கடையில் பார்த்த நிறம் ஒன்று, சுவரில் வந்து உட்கார்ந்த நிறம் வேறொன்று என்று குறைப்படுகிறார்கள். காலையில் ஊதா, விளக்கேற்றியதும் காப்பிக்கொட்டை, அந்திப் பொழுதில் கரி என்று ஒரே சுவர் மூன்று வேஷம் போடுகிறது. பழி பெயின்டர் தலையில் விழுகிறது; குற்றமோ பெரும்பாலும் விளக்கினுடையது. எல்லா நிறங்களும் விளக்குக்குத் தக்கபடி ஓரளவு மாறுபவையே என்றாலும், ஊதா ஏன் இவ்வளவு தூரம் மாற வேண்டும் என்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அதைச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் வேலை.

ஊதாச் சாயத்தின் சரித்திரத்தைப் பலரும் எழுதிவிட்டார்கள். ஆகையால் அதை விரைந்து கடந்துவிடுவோம். மத்தியதரைக் கடலின் நத்தைகளிலிருந்து எடுத்த பழைய அரசச் சாயத்தின் தன்மையை அறிய விரும்பிய பால் ஃபிரீட்லாண்டர், 1909-இல் 12,000 நத்தைகளைச் செலவிட்டு 1.4 கிராம் சாயமே கண்டார். அவுரி நீலத்தின் மூலக்கூறில் இரண்டு புரோமின் அணுக்கள் சேர்ந்ததே அது என்று அவர் நிரூபித்தார். அதற்கு முன்பே, 1856-இல், லண்டனில் பதினெட்டு வயது நிரம்பிய வில்லியம் ஹென்றி பெர்க்கின், வீட்டுப் பரிசோதனைச்சாலையில் கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்று, அதற்குப் பதிலாகக் கறுத்த ஒரு வண்டலைப் பெற்று, அதிலிருந்து பட்டுக்கேற்ற ஊதாச் சாயத்தைப் பிரித்தெடுத்துத் தொழிலதிபரும் ஆகிவிட்டார். அந்தச் சாயத்தின் மூலக்கூறு அமைப்பு முழுவதும் பிழையறத் தெளிவானது 1994-இல்தான் என்பது, வெற்றி பெற்ற கதைகளிலும் ரசாயன சாஸ்திரம் எத்தனை காலம் காத்திருக்கிறது என்பதைக் காட்டும்.

சாயத்தை விட்டுக் கண்ணுக்கு வருவோம். முப்பட்டகக் கண்ணாடியில் சூரிய கிரணத்தைப் பிரித்தால், ஒரு கோடியில் சிவப்பும் மறு கோடியில் நீலம் கறுத்த ஊதாவும் விழுகின்றன என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. ஆனால், நாம் சுவருக்குப் பூசும் நாவல் நிறமும், கத்தரிக்காய்த் தோலின் நிறமும் அந்தப் பட்டையில் எங்கு தேடினாலும் அகப்படா. நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில், நிறமாலையின் நீண்ட பட்டையை வட்டமாக வளைத்து, இரு கோடிகளையும் ஒட்டவைத்து, அந்த ஒட்டுமிடத்தில் சிவப்பும் ஊதாவும் கலந்தால் முப்பட்டகத்தில் காணாத ஒரு புது நிறம் பிறப்பதைச் சுட்டிக்காட்டினார். 1931-இல் சர்வதேச ஒளியூட்டல் குழுவினர் மனிதக் கண் அறியக்கூடிய நிறங்களையெல்லாம் ஒரு படத்தில் அடக்கியபோது, நிறமாலையின் நிறங்கள் குதிரை லாடம் போன்ற வளைந்த விளிம்பில் நிற்க, லாடத்தின் இரு நுனிகளையும் இணைக்கும் நேர்கோட்டில் இந்த நிறங்களைக் கொண்டுவந்து வைக்க நேர்ந்தது. அந்தக் கோட்டுக்குத் தனி அலைநீளம் எதுவும் கிடையாது.

அப்படியானால் அதைக் காண்பது எது? விழித்திரையிலுள்ள கூம்பு அணுக்கள் மூவகைப்பட்டவை. ஒரு வகை நெடிய அலைகளுக்கும், ஒரு வகை நடுத்தர அலைகளுக்கும், ஒரு வகை குறுகிய அலைகளுக்கும் மிகுதியாக எழுச்சி கொள்கின்றன. நெடிய வகையும் குறுகிய வகையும் எழுந்து, நடுவிலுள்ளது மட்டும் அவற்றோடு ஒப்பிடத் தணிந்திருந்தால், மூளை அந்த முரண்பட்ட செய்தியை ஊதா என்று தீர்மானிக்கிறது. ஆக, ஊதாச் சுவர் என்பது பச்சையை விழுங்கிவிட்டு, நிறமாலையின் இரு முனைகளை மட்டும் திருப்பி அனுப்பும் சுவர்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. மஞ்சள் சுவரும் பச்சைச் சுவரும் நிறமாலையின் நடுப்பகுதியை நம்பி வாழ்பவை. எந்த விளக்கானாலும் அந்த நடுப்பகுதியில் வஞ்சனை செய்வதில்லை, ஏனெனில் கண்ணுக்குப் பிரகாசமாகத் தோன்றுவதே அந்தப் பகுதிதான். விளக்குகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதெல்லாம் முனைகளில். பழைய இழை பல்பில் சிவப்பு வெள்ளமாகப் பாய்கிறது. நீலமோ சொட்டுச் சொட்டாகவே வருகிறது. இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்கில் சுமார் 450 நானோமீட்டரில் நீலத்தின் கூர்மையான சிகரம் ஒன்றும், அதற்கப்பால் மஞ்சளை மையமாகக் கொண்ட அகன்ற மேடு ஒன்றும் காணப்படும். மலிவான சரக்கில் அந்த மேடு சிவப்பை எட்டுமுன்னே சரிந்துவிடுகிறது. வானம் மட்டும் தெரியும் வடக்கு ஜன்னலில் வரும் பகலொளியில் நீலம் ஏராளம். இவ்வாறு ஒவ்வொரு விளக்கும் ஒரு முனையைக் கொடுத்து மறு முனையைக் குறைக்கையில், இரு முனைகளின் மீதே நிற்கும் ஊதா என்ன செய்யும்? இழை பல்பின் கீழ் திராட்சை ரசத்தின் பழுப்புச் சிவப்பாகிறது. மலிவான வெள்ளை எல்.இ.டி.யின் கீழ் சிவப்பை இழந்து, சிலேட்டுப் பலகையின் நீலச் சாம்பலாகிவிடுகிறது. வெளிச்சத்தின் பேதங்களைத் தள்ளுபடி செய்து பொருளின் நிறத்தை நிலையாகக் காட்டும் திறமை கண்ணுக்கு உண்டென்பது மெய்யே. அதனால்தான் வெள்ளைக் காகிதம் எங்கும் வெள்ளையாகத் தோன்றுகிறது. ஊதாவின் விஷயத்தில் அந்தத் திறமை பாதி வழியிலேயே களைத்து நின்றுவிடுகிறது.

அந்திப் பொழுதில் நேர்வது வேறொரு கதை. பொஹீமியாவைச் சேர்ந்த உடலியல் அறிஞர் புர்க்கினியே, விடியற்காலையில் பூக்களைக் கவனித்து, நீலமும் பச்சையும் முதலில் தெளிய, நடுப்பகலில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு மட்டும் நெடுநேரம் கறுப்பாகவே நிற்பதைக் கண்டு, 1825-இல் எழுதி வைத்தார். கூம்பு அணுக்கள் ஓய்ந்து, மங்கிய ஒளிக்கென்றே உள்ள கோல் அணுக்கள் வேலையை ஏற்கும்போது நிகழ்வது இது. கோல் அணுக்களுக்குச் சுமார் 500 நானோமீட்டர் அலையே மிகவும் உகந்தது. ஆழ்ந்த சிவப்புக்கு அவை அநேகமாகக் குருடு. ஆகவே விளக்கேற்றாத மாலை நேரத்தில், ஊதாச் சுவரின் சிவப்பு முதலில் விடைபெறுகிறது. எஞ்சிய நீலமும் கோல் அணுக்களுக்கு நிறமாகத் தெரிவதில்லை. ஆறரை மணிக்கு அந்த அறைக்குள் நுழைபவர் எதிரே காண்பது நிறமல்ல, ஆழம். சுவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதே சற்று மயங்கும். இந்த மயக்கத்தை விரும்பித்தான் பலர் இந்த நிறத்தைத் தேடுகிறார்கள் என்று நினைக்கிறேன். விரும்பாதவர்கள் அறை சிறுத்துவிட்டதென்கிறார்கள்.

வெளிச்சத்தின் கணக்கையும் சற்றுப் பார்த்துவிடுவோம். கணக்கென்றதும் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், ஒரே ஒரு வகுத்தல்தான். விளக்கிலிருந்து புறப்பட்ட ஒளி சுவரில் பட்டு, அதில் ஒரு பங்கு திரும்பி, வேறொரு சுவரில் பட்டு, அதிலும் ஒரு பங்கு திரும்பி, இப்படியே அறைக்குள் சுற்றி வருகிறது. அறையின் பரப்புகள் சராசரியாக எந்தப் பங்கைத் திருப்புகின்றனவோ, அதை ஒன்றிலிருந்து கழித்து, மிச்சத்தால் ஒன்றை வகுத்தால், விளக்கின் ஒளி எத்தனை மடங்காகப் பயன்படுகிறது என்பது கிடைக்கும். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள ஓர் அறையில், தரை 30 சதவிகிதமும், வெள்ளை மேற்கூரையும் வெள்ளைச் சுவர்களும் 80 சதவிகிதமும் ஒளியைத் திருப்புவதாக வைத்துக்கொண்டால், அந்த மடங்கு சுமார் 3.5. நான்கு சுவர்களையும் 8 சதவிகிதமே திருப்பும் ஆழ்ந்த ஊதாவாக்கினால் அது 1.3 ஆக வீழ்கிறது. முன்னிருந்த வெளிச்சம் வேண்டுமானால் விளக்கை இரண்டரை மடங்குக்கு மேல் கூட்ட வேண்டும். நீளவாட்டுச் சுவர் ஒன்றை மட்டும் ஊதாவாக்கி நிறுத்திக்கொண்டால், மடங்கு 2.4 அளவில் நிற்கிறது. நஷ்டம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவுதான். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் அடர்ந்த நிறம் கொடுக்கும் வழக்கத்தை ரசனைக் குறைவென்று சிலர் ஏளனம் செய்கிறார்கள்; மின்சாரக் கட்டணம் கட்டுபவர்கள் செய்வதில்லை.

இதே கணக்கில் எதிர்பாராத ஓர் உண்மையும் ஒளிந்திருக்கிறது. ஆழ்ந்த நிறத்துக்கு அஞ்சி, 'கொஞ்சம் வெளிறினதாகப் பார்ப்போமே' என்று இளம் ஊதாவை எடுப்பவர்கள், பாதுகாப்பான வழியைத் தேர்ந்தெடுத்ததாக நம்புகிறார்கள். விளைவு நேர்மாறானது. இளம் ஊதாச் சுவர் பச்சையில் 45 சதவிகிதமும் நீலத்தில் 65 சதவிகிதமும் திருப்புகிறதென்று வைத்துக்கொள்வோம். அறை முழுவதும் அதே நிறமானால், சுற்றிச் சுற்றி வரும் ஒளியில் பச்சை 1.8 மடங்காகவும் நீலம் 2.9 மடங்காகவும் பெருகும். அறையின் காற்றிலேயே ஊதா கரைந்ததுபோல் ஆகி, உள்ளே இருப்பவர் முகங்களெல்லாம் நோயாளி முகங்களாகத் தோன்றும். ஆழ்ந்த ஊதா பச்சையில் 4 சதவிகிதமும் நீலத்தில் 12 சதவிகிதமும் திருப்பினால், அந்த இரு மடங்குகளும் முறையே 1.04, 1.14 என்றே அமைகின்றன. சுவர் எவ்வளவு கறுத்திருந்தாலும், அறையிலுள்ள ஒளி கிட்டத்தட்ட விளக்கின் சொந்த ஒளியாகவே இருக்கிறது. முகம் முகமாகவே தெரிகிறது. ருஷ்யாவின் கடைசி மகாராணி அலெக்சாந்திரா, ஜார்ஸ்கோயி செலோவிலுள்ள அலெக்சாந்தர் அரண்மனையில் தமது அந்தரங்க அறையின் சுவர்களை இளம் ஊதாப் பட்டால் மூடச் செய்திருந்தார். யுத்தத்தில் அழிந்த அந்த அறையைப் புதுப்பித்து 2021-இல் மறுபடி பார்வைக்குத் திறந்திருக்கிறார்கள். அங்கே மரவேலைகளுக்குத் தந்தம் போன்ற வெளிர் நிறம் கொடுத்திருப்பது அழகுக்காக மட்டுமன்றி, சுழன்று வரும் ஊதாவுக்கு ஓர் அணையாகவும் பயன்படும்.

இனி, சுவரைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். எந்த வர்ணப் பூச்சின் மேற்பரப்பிலும் விழும் ஒளியில் சுமார் 4 சதவிகிதம் உள்ளே நுழையாமலே திரும்பிவிடும். அந்த ஒளிக்குச் சுவரின் நிறம் ஒட்டுவதில்லை, விளக்கின் நிறமே இருக்கும். எண்பது சதவிகிதம் திருப்பும் வெள்ளைச் சுவருக்கு இந்த நான்கு ஒரு பொருட்டல்ல. ஊதாவோ தன் நிறத்தோடு திருப்புவதே நாலைந்து சதவிகிதம்தான். ஆகவே நாம் காண்பதில் பாதி ஊதா, பாதி வெறும் வெளிச்சம். பளபளப்பான பூச்சில் அந்த வெறும் வெளிச்சம் ஒரே திசையில் ஒதுங்கிப் போவதால், ஜன்னல் எதிரொளிக்கும் இடம் மட்டும் வெளுத்து, மற்ற இடமெல்லாம் கிணற்று ஆழம் காட்டும். சுவரிலுள்ள ஒவ்வொரு மேடு பள்ளமும், பட்டி சரியாகத் தேய்க்காத ஒவ்வொரு இடமும் அம்பலத்துக்கு வரும். பளபளப்பற்ற 'மேட்' பூச்சில் அது எல்லாத் திசையிலும் சிதறுவதால், நிறத்தின் மேல் மெல்லிய சாம்பல் தூவியதுபோல் ஒரு மங்கல் படர்ந்திருக்கும். மேடு பள்ளம் மறைந்துவிடும். அந்த மேட் சுவரில், நாற்காலி முதுகு உராயும் உயரத்திலும், சுவிட்சைத் தேடும் விரல்கள் படும் இடத்திலும், நாளடைவில் பளிச்சென்று திட்டுகள் தோன்றுவதைக் காணலாம். அழுக்கென்று எண்ணித் துணியால் தேய்க்கிறார்கள். தேய்க்கத் தேய்க்கத் திட்டு பெரிதாகிறது. உண்மையில் அங்கே அழுக்கில்லை, மேற்பரப்பின் நுண்ணிய கரடு தேய்ந்து வழவழப்பாகிவிட்டது, அவ்வளவே. நடைபாதையும் குழந்தைகள் அறையும் ஆனால், இரண்டுக்கும் நடுவிலுள்ள மென்பளபளப்புப் பூச்சே விவேகம்.

பூசுவதிலும் இந்த நிறம் தன் பிடிவாதத்தைக் காட்டும். வெள்ளை வர்ணம் ஒரே பூச்சில் பழைய சுவரை மறைப்பதற்குக் காரணம் அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு; அதன் ஒளிவிலகல் எண் 2.7 அளவில் இருக்க, அதைச் சூழ்ந்துள்ள பசையின் எண் 1.5 ஆக இருப்பதால், துகள்தோறும் ஒளி முறிந்து சிதறி வெளியேறுகிறது. ஆழ்ந்த ஊதாவைக் கலக்கும் கடைக்காரர், அந்த வெள்ளைத்தூள் அநேகமாக இல்லாத அடிப்பூச்சுக் கலவையைத்தான் எடுப்பார். இருந்தால் நிறம் வெளிறிவிடும். அதில் சேரும் டயாக்சசீன் ஊதா போன்ற கரிமச் சாயத்தூள்கள் ஒளியை உறிஞ்ச வல்லவையே தவிரச் சிதறடிக்க வல்லவையல்ல. கண்ணாடித்தாள் போல் ஒளியைக் கடத்திவிட, அடியிலுள்ள பழைய நிறம் எட்டிப் பார்க்கிறது. எனவே மூன்று கோட் கேட்டால் பெயின்டர் ஏமாற்றுகிறார் என்று நினைப்பதற்கில்லை. வெள்ளைப் பிரைமருக்குப் பதிலாகச் சாம்பல் நிறம் கலந்த பிரைமரை அடித்துவிட்டால், ஒரு கோட் மிச்சமாவதுண்டு. கலவையில் இரும்பு ஆக்சைடும் சேர்ந்தால் மறைக்கும் சக்தி கூடும்; அதே இரும்பு ஆக்சைடு நுண்ணிதாக அரைபட்டால் செங்கல் சிவப்பாகவும், துகள் சற்றுப் பருத்தால் ஊதாச் சாயலாகவும் தோன்றுவது வர்ணத் தொழிலார் நெடுங்காலமாகக் கையாளும் வித்தை. சுண்ணாம்புச் சுவருள்ள பழைய வீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாங்கனீசு ஊதா என்ற பழைய சாயத்தூள் காரத்துக்குத் தாங்காது, புதுச் சுண்ணாம்பின் மேல் நிறம் மாண்டுவிடும். சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூக்கும் வீடுகளிலோ, வெள்ளைச் சுவரில் கண்ணுக்கே படாத உப்பு, ஊதாச் சுவரில் தேமல்போல் தெரியும். முதலில் ஓதத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்; வர்ணம் பிறகு.

ஊதாவுக்கு அருகில் எதை வைப்பது என்பதற்கும் சாஸ்திரம் உண்டு. பாரிஸில் கோபெலின் திரைச்சீலைத் தொழிற்சாலையின் சாயப் பகுதியை நிர்வகித்த ஷெவ்ரேல், கறுப்பு நூல் வெளுத்துத் தெரிகிறதென்ற புகாரை ஆராய்ந்து, நூலில் பழுதில்லை, பக்கத்து நூலின் நிறமே கண்ணை மயக்குகிறது என்று முடிவு கண்டு, 1839-இல் பெரியதொரு நூலாக வெளியிட்டார். ஒரு நிறத்தை நோக்கும் கண், அதன் எதிர்நிறத்தைப் பக்கத்துப் பொருளின் மேல் ஏற்றிவிடுகிறது. ஊதாவின் எதிர்நிறம் பச்சையும் மஞ்சட்பச்சையும். ஆகவே அந்தச் சுவரின் முன் வைத்த தொட்டிச் செடி அன்றைக்குத் தளிர்த்ததுபோல் இருக்கும்; பித்தளைக் குத்துவிளக்கின் மஞ்சள் மேலும் ஓங்கும். வெள்ளைக் கதவுச் சட்டமும் வெள்ளை அடிப்பட்டையும் ஊதாவை மேலும் கறுப்பாகக் காட்டி, சுவரைத் துண்டு துண்டாக வெட்டும். சட்டங்களையும் அதே நிறத்தில் முக்கிவிடுவதே எனக்கு உவப்பானது, ஆனால் அதற்குத் துணிவு வேண்டும்.

இவ்வளவும் அறிந்தபின், ஷேட் கார்டிலுள்ள தபால்தலையளவு நிறத்தை நம்பி வாளி வாங்குவது வீண் வேலை என்பது விளங்கும். இரண்டடிச் சதுரப் பலகையில் உரிய எண்ணிக்கையில் பூச்சடித்து, நன்றாக உலரவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலும் ஜன்னலை ஒட்டிய சுவரிலும் மாற்றி மாற்றிச் சாய்த்து, காலையிலும் அந்தியிலும், முக்கியமாக அந்த அறையில் எரியப்போகும் அதே விளக்கின் கீழும் பார்க்க வேண்டும். விளக்கை முதலில் வாங்கி மாட்டிவிட்டு, வர்ணத்தைப் பிறகு தேர்ந்தெடுப்பவர் ஏமாறுவதில்லை. எல்.இ.டி. பெட்டியின் மேல் நிறக்காட்சி எண் 90-க்கு மேல் அச்சிட்டிருப்பதும், ஆழ்ந்த சிவப்பைக் குறிக்கும் ஆர்-9 என்ற எண் தாராளமாக இருப்பதும் ஊதாவுக்கு உதவும்; அந்த ஆர்-9 குறிப்பிடப்படாத பெட்டிகளே கடையில் அதிகம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைப்பதாயிருந்தால் இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: இழை பல்பை மங்கச் செய்தால் இழையின் வெப்பம் தணிந்து ஒளி மேலும் சிவந்து, சுவர் பழுப்பை நோக்கிச் சாயும், சாதாரண எல்.இ.டி.யை மங்கச் செய்தால் ஒளியின் அளவு குறையுமே தவிர நிறம் அநேகமாக மாறாது, சுவர் அதே ஊதாவில் நின்றபடி இருளும்.